காணாமப்போனவரின் பல்வரிசை

மூன்றாம் நம்பரோடு நிறுத்திக்கொள்வது என்று அவர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. அதனால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எடுத்தார்.

வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, நாலாம் நம்பர் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வலிக்குதா?"

"ரொம்ப" என்றார், வலியே இல்லாத குரலில். பிறகு சுதாரித்து, "ஸ்ஸ்ஸ்... அம்மாடி" என்று ஒரு முனகலைச் சேர்த்துக்கொண்டார். நாலாம் நம்பர் அவருடைய சட்டைப் பையில், பொட்டலமே பிரிக்காமல் இருந்தது.

அவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. காணாமல்போன பொருள்கள் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் காப்பாளர். அங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காணாமப்போனவர்' என்றுதான் சொல்வார்கள். "காணாமப்போனவர் வந்தாச்சா?" "வந்தாச்சு, கேண்டீன்ல இருக்காரு." புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள்.

மனைவிக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பிழை பார்ப்பதே பிழைப்பு. முன்னூறு பக்கப் புத்தகத்தில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவளுடைய சிவப்புப் பேனா நேராக அங்கே போய் நிற்கும். அப்படிப்பட்ட கண்ணோடு இருபத்திரண்டு வருஷமாக அவரையும் பார்த்துவருகிறாள்.

பல் விவகாரத்தையும் கண்டுபிடித்தது அவள்தான். அவருடைய மேல்வரிசை கீழ்வரிசையை முழுசாக மூடிக்கொள்ளும். வாயை மூடினால் கீழ்ப்பல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாமல் அது என்ன செய்துகொண்டிருந்தது என்றால், மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தது. காலையில் துப்பினால் ரத்தம். மென்றால் தாடையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"இப்படியே விட்டா ஆறேழு வருஷத்துல முன்பல்லு ஆட ஆரம்பிச்சிடும் சார்" என்றார் பல் டாக்டர். இளம்பெண். குரல் மென்மை, விரல் இரும்பு. "கம்பியெல்லாம் வேண்டாம். கண்ணாடி மாதிரி உறை. அலைனர்னு பேரு. இருபது ஜோடி. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே போனா, பல்லு கொஞ்சம் கொஞ்சமா நகரும். பத்து மாசம்தான்."

சொல்லிவிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அதைத்தான் அவர் பார்த்திருக்கக் கூடாது. திரையில் ஒரு பல்வரிசை மிதந்துகொண்டிருந்தது. உதடு இல்லை, கன்னம் இல்லை, ஆள் இல்லை. பல்லும் ஈறும் மட்டும். டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டியதும் அது தானாக நகர்ந்தது. ஒவ்வொரு பல்லாகத் திரும்பியது, நிமிர்ந்தது, விலகி வழிவிட்டது. இருபது தடவை துடித்து, கடைசியில் வேறு யாருடையதோ ஒரு வாயாக நின்று, திறந்து, மூடியது.

"இது நீங்கதான் சார். பத்து மாசம் கழிச்சு."

அந்த வாய் அவருக்காகக் காத்துக்கொண்டிருப்பது போல இருந்தது அவருக்கு.

"ஆரம்பிச்சிடுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

ஆரம்பித்தாயிற்று. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம். அவர் இதற்குக் கடிவாளம் என்று பேர் வைத்தார். கடிக்கிற பல்லுக்கு வாளம். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டியவருக்கோ வாய் வலித்தது. புது ஜோடி போட்ட முதல் மூன்று நாள், பல்லையெல்லாம் யாரோ கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி வலி. அப்புறம் பழகிவிடும். பழகி, செருப்பு மாதிரி சௌகரியமாகும்போது அடுத்த நம்பரை மனைவி கொண்டுவந்து நீட்டுவாள்.

மூன்றாம் நம்பர் அப்படித்தான் சௌகரியமாகிவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எல்லா உறையும் கண்ணாடி. எல்லாம் ஒரே மாதிரி. வித்தியாசம் கடைவாய்ப் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பரை நகம் ராவும் அரத்தால் தேய்த்துவிட்டால்? மூன்றையே ஆயுசுக்கும் போட்டுக்கொண்டிருக்கலாம். மனைவி வாயைத் திறந்து பார்த்தாலும் கண்ணாடிதான் தெரியும்.

தேய்த்தார். ஊதினார். தடவிப் பார்த்தார். நம்பர் இருந்த இடத்தில் ஒரு சொரசொரப்பு மட்டும் மிஞ்சியது. கண்ணாடியைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அன்று சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தில் ஒரு கிண்ணம் வறுத்த கடலையைக் கறுக் மொறுக்கென்று தின்று தீர்த்தார். மனைவி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்காத நாலாம் நம்பரை எங்கே ஒளிப்பது? வீட்டில் ஒளித்தால் மாட்டிக்கொள்வார். அலுவலகம்தான் சரி. பதினெட்டு வருஷத்தில் மனைவி ஒரு தடவைகூட அந்தப் படியிறங்கி வந்ததில்லை. ஈர நாற்றம் அடிக்கிறது என்பாள்.

அது உண்மைதான். அலுவலகம் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு நேர் கீழே, சுரங்கம் மாதிரியான ஒரு நீள அறை. ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரிகளில் குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரும் திரும்பி வந்து கேட்காத பெட்டிகள். கடைக்கோடியில், கண்ணாடித் தட்டு போட்ட அலமாரியில், பொய்ப்பற்கள். சிரிக்காதீர்கள். ரயிலில் ஜனங்கள் எதைத்தான் விட்டுவிட்டுப் போகவில்லை? தும்மியவர்கள், தூங்கியவர்கள், கைக்குட்டையில் சுற்றி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கியவர்கள் என்று நாற்பத்தொரு செட் அங்கே இருந்தன. தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் அறை அதிரும். அந்த நாற்பத்தொரு வாய்களும் கண்ணாடித் தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ரயில் போய் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மட்டும் கொஞ்ச நேரம் பேசி முடிக்கும். பதினெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகியதால் அவருக்கு அது உறைத்ததே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். சீட்டும் பதிவும் இல்லாமல் ஒரு ஊசிகூட அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். எனவே பதிவேட்டைத் திறந்து, தன் உத்தியோக வாழ்க்கையின் முதல் பொய்யை நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'கண்ணாடிப் பல் உறை. ஒரு ஜோடி. பயன்படுத்தப்படாதது. கண்டெடுத்த இடம்: பிளாட்பார இருக்கை.' பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். உறையைப் பொய்ப்பற்களின் நடுவே வைத்தார்.

முன் மேஜையில் சீல் அம்மா உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் இருக்கும் இன்னொரு ஆள் அவர்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மீதியையெல்லாம் ரப்பர் முத்திரையால் குத்திக் குத்திச் சொல்லிவிடுவார். பதிவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். 'தட்' என்று குத்தினார்.

அடுத்த வியாழக்கிழமை காலை சாப்பிட்டு முடித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிய மூன்றாம் நம்பரை எடுத்து வாயில் வைத்தார். அது கவ்வியது.

நேற்று ராத்திரி வரை செருப்பு மாதிரி ஏறியது, இன்று பொறி மாதிரி கவ்வியது. ஒவ்வொரு பல்லிலும் அந்தப் பழைய கட்டைவிரல். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பக்கம் அரம் போட்ட சொரசொரப்பு அப்படியே இருந்தது. அதே உறைதான்.

"இதை வெந்நீர்ல ஏதாவது கழுவினியா?"

"இல்லையே. ஏன், சுருங்கிடுச்சா?"

"சும்மா கேட்டேன்."

"நாலாம் நம்பர்தானே? நாலு நாளாச்சே, இந்நேரம் பழகியிருக்கணுமே?"

"பழகிடுச்சு, பழகிடுச்சு" என்றார் கண்ணில் தண்ணீரோடு. மனைவி அவருக்கு முன்னாலேயே அச்சகத்துக்குக் கிளம்பிப் போனாள்.

இரண்டு நாளில் அது தளர்ந்தது. ஏதோ பிரமை என்று விட்டுவிட்டார். இரண்டு வாரம் முடிந்த ஞாயிறன்று மனைவி ஐந்தாம் நம்பரை நீட்டினாள். அதே குளியலறை, அதே தாழ்ப்பாள், அதே முனகல். மறுநாள் ஐந்தாம் நம்பரை ஒளித்துவைக்கக் கடைக்கோடி அலமாரிக்குப் போனார். சீட்டு கட்டியிருந்த நாலாம் நம்பர் பொட்டலம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. என்னவோ தோன்றி, கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

உள்ளே இருந்த உறை பளபளப்பாக இல்லை. மங்கியிருந்தது. கடிக்கும் இடங்களில் தேய்ந்து, கீறல் விழுந்து, ஓரத்தில் லேசாகத் தேநீர்க் கறை.

யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

தலைக்கு மேலே ரயில் வந்தது. நாற்பத்தொரு வாய்களும் கடகடவென்று அடித்துக்கொண்டன. பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு அது உறைத்தது. பொட்டலத்தைப் போட்டுவிட்டு முன் மேஜைக்கு ஓடினார்.

"அந்த அலமாரியை யாராவது தொட்டாங்களா?"

சீல் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "உரியவங்களைத் தவிர யாரும் தொட மாட்டாங்க சார்."

'தட்.'

அந்த வாரமும் வியாழக்கிழமை காலையில் மூன்றாம் நம்பர் கவ்வியது. ஆறாம் நம்பரை ஒளிக்கப் போனபோது ஐந்தாம் நம்பர் பொட்டலத்துக்குள் தேய்ந்த உறை. ஏழை ஒளிக்கப் போனபோது ஆறிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் கடித்த தடம். மூன்றிலும் கடைவாய்ப் பக்கம் வெறும் சொரசொரப்பு. நம்பர் இல்லை. அவர் தேய்த்தது ஒன்றைத்தான். மற்றதை அரம் பிடித்த கை யாருடையது?

இதை யாரிடம் சொல்வது? சொன்னால், போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம் என்றால், எந்தப் பல்லை?

டாக்டரிடம் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. இன்றைக்கு மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தபடிதான் நாற்காலியில் சாய்ந்தார். மாட்டிக்கொண்டால் நல்லது என்றும் தோன்றியது. பல் ஒரு இம்மி நகர்ந்திருக்காது, டாக்டர் திட்டுவார், விஷயம் முடியும்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"பிரமாதம் சார்! திட்டப்படி அச்சு அசலா நகர்ந்திருக்கு. ஏழாம் நம்பர்ல எங்க நிக்கணுமோ அங்கயே நிக்குது. இவ்வளவு ஒழுங்கா போடறவங்களை நான் பார்த்ததே இல்லை."

"ஆ... ஆ..." என்றார் அவர்.

"என்ன சொல்றாரு?" என்று டாக்டர் மனைவியைக் கேட்டார்.

"சந்தோஷத்துல பேச்சு வரலை" என்றாள் மனைவி.

திரையில் அந்த வாய் மிதந்துகொண்டிருந்தது. முன்பு பார்த்ததைவிட இப்போது கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது போல இருந்தது.

அதன்பிறகு அவர் கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். ஷேவ் செய்யும்போது மூக்குக்கு மேலே மட்டும் பார்ப்பார். அதனால் தாடையில் இரண்டு வெட்டு. அலுவலகத்தில் டிக்கெட் பரிசோதகர், "என்ன காணாமப்போனவரே, முகம் மாறிப்போச்சு! ஆளே வேற மாதிரி இருக்கீங்க" என்றார். நல்லதாகத்தான் சொன்னார். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து அப்படியே நின்றார். தட்டில் ஒரு ஆப்பிள். ஒரே ஒரு கடி கடித்து வைத்திருந்தது.

அவர் கடித்தால் ஆப்பிளில் மேற்பல் மட்டும் உளிபோல இறங்கிய தடம் இருக்கும். ஐம்பது வருஷமாக அப்படித்தான். இதிலோ மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, அளவெடுத்து வெட்டியது போல.

"யாரு வந்திருந்தாங்க?" என்றார் மெதுவாக.

"யாரும் வரலையே."

"அந்த ஆப்பிளைக் கடிச்சது யாரு?"

மனைவி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்கதான். காலையில ஒரு கடி கடிச்சுட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு வெச்சுட்டுப் போனீங்க."

"அது என் கடி இல்லை."

"பின்ன, நான் கடிச்சேனா? என் பல்லு எனக்குத் தெரியாதா?" என்றவள், அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு பக்கத்தில் ஏதோ பிழை இருக்கிறது, எந்த வரி என்றுதான் தெரியவில்லை என்பது போன்ற பார்வை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். யாருக்கு என்னவோ இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஒரு பொறி வைத்தார். எட்டாம் நம்பர் பொட்டலத்தைச் சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பதினோரு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு திசையில். எந்த முடிச்சு எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் படம் வரைந்து பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமைகளில் அவர் அலுவலகத்தில் இருப்பதில்லை. ரயில் பாதையில் இருக்கும் மற்ற நிலையங்களுக்குப் போய், அங்கே சேர்ந்த பொருள்களை வாங்கிவர வேண்டும். வியாழன் காலை ஓடிவந்து பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. படத்தோடு ஒப்பிட்டார். பதினோரு முடிச்சும் அதனதன் திசையில். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

விட்ட மூச்சை உள்ளே இழுக்கும் முன் பொட்டலத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

உறை மங்கியிருந்தது. இன்னும் ஈரமாக இருந்தது.

அன்று காலையிலிருந்து தன் வாயில் கவ்விக்கொண்டிருந்ததை அவர் அவசரமாகத் தொட்டுப் பார்த்தார். அது நகரவில்லை. பல்தான் நகர்ந்தது போல இருந்தது.

அதற்கு மேல் பார்க்கத் துணிவில்லாமல் பத்து நாள் ஓட்டினார். ஒன்பதாம் நம்பரைப் பையில் போட்டுக்கொண்டு வந்த திங்கட்கிழமை, கால் தானாகப் பதிவேட்டு மேஜைக்கு நடந்தது. தன்னுடைய பொய்ப் பதிவைத் தேடி எடுத்தார். அதற்கு நேரே, கடைசிக் கட்டத்தில், ஊதா மையில் முத்திரை: 'உரியவர் பெற்றுக்கொண்டார்.' அதன் கீழே: 'மீண்டும் வந்து சேர்ந்தது.' நாலாம் நம்பருக்கு அப்படி. ஐந்துக்கு அப்படி. ஆறு, ஏழு, எட்டு, எல்லாவற்றுக்கும் அப்படி.

"உரியவரா?" அவர் குரல் கீச்சென்று வந்தது. "யாரும்மா அது?"

"சொல்லக் கூடாது சார்." சீல் அம்மா சுவரைக் காட்டினார். 'பொருளைப் பெற்றவர் விவரத்தை வெளியிடலாகாது.' கேட்டவருடைய கையெழுத்தேதான்.

"அடையாளம் கேட்டீங்களா?"

"கேட்டேன். பல்லு பல்லா சொன்னாங்க. எது திரும்பியிருக்கு, எது குட்டை, எது எதை மூடியிருக்குன்னு. உங்க வாயைப் பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு."

"ஆளு எப்படி இருந்தாங்க?"

சீல் அம்மா யோசித்தார். அன்றைக்கு உள்ள பத்து வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது.

"சிரிச்ச முகம்" என்றார்.

மேலே ரயில் வந்தது. கடைக்கோடியில் எல்லாரும் பேசினார்கள். அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படியேறினார்.

வீட்டில் மனைவி அச்சுத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, உறையைக் கழற்றி மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். அரம், குளியலறை, பொய்ப் பதிவு, கடித்த தடம், நூல், சிரிச்ச முகம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குறுக்கிடாமல் கேட்ட ஒரே பேச்சு அதுதான்.

"அப்ப நாலுலேருந்து எட்டு வரைக்கும் எதையுமே நீங்க போடலை?"

"போடலை."

"ஒன்பதும்?"

"பையில இருக்கு."

"ஆனா பல்லு நகர்ந்திருக்கு."

"நகர்ந்திருக்கு."

"அப்ப, போட்டது யாரு?"

குழாயில் தண்ணீர் சொட்டியது. மனைவி பேனாவை மூடினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு மாசமா எனக்கே சந்தேகம். எதிர்ல உக்காந்து சாப்பிடறது நீங்கதானான்னு. பின்னாலேருந்து பார்த்தா நீங்க. சிரிச்சா மட்டும் வேற யாரோ."

"ஐயோ, அப்படிச் சொல்லாதே."

"உள்ளதைச் சொல்றேன். யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குன்னு அளவெடுத்து செஞ்ச இடம். நீங்க உக்காரலை. காலியா கிடக்கு. பஸ்ல சீட்டு காலியா இருந்தா என்ன ஆகும்?"

"யாராவது உக்காந்துடுவாங்க."

"அதான் உக்காந்திருக்காங்க."

"இப்ப என்ன பண்றது?"

"எழுப்பணும். சண்டை போட்டா எழுப்ப முடியும்? நீங்க போய் உக்காரணும். ஒன்பதை எடுங்க. என் எதிர்லயே போடுங்க. இருபத்திரண்டு மணி நேரம் நீங்க இருந்தா, வேற யாரு வந்து இருக்க முடியும்?"

"மிச்சம் ரெண்டு மணி நேரம்? சாப்பிடும்போது?"

"அப்ப நான் கிண்ணத்துக்குக் காவல் இருக்கேன்."

அவர் ஒன்பதாம் நம்பரைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். வலித்தது. அந்த வலி அவ்வளவு சொந்தமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவரைப் போல் ஒழுங்காக உறை போட்ட மனிதர் உலகத்தில் இருந்திருக்க மாட்டார். மூன்று வேளைச் சாப்பாட்டையும் பன்னிரண்டு பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தார். தேநீரை விட்டார். நொறுக்குத் தீனியை விட்டார். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்தார். தேதி வந்தால் மனைவி நீட்டுவதற்கு முன் அவரே கையை நீட்டுவார். "பத்து எங்கே? சீக்கிரம் குடு. காலியா வெக்காதே." அலுவலகத்தில் கடைக்கோடி அலமாரியைப் பார்க்காமலே நடந்து பழகினார். ஒருநாள் சீல் அம்மாவே அந்தப் பழைய பொட்டலங்களைக் கட்டி, கழிவில் சேர்த்து, பதிவேட்டில் முத்திரை குத்தினார். வியாழக்கிழமைகளில் எதுவும் கவ்வவில்லை. பதினான்கு வந்தபோது அண்ணத்துப் புண் ஆறியிருந்தது. பதினேழில் தாடைச் சத்தம் நின்றது. கண்ணாடியில் வாயைப் பார்க்க மெல்ல மெல்லத் துணிந்தார். அங்கே இருந்தது அவர்தான் என்று நம்ப இன்னும் இரண்டு நம்பர் ஆயிற்று.

இருபதாம் நம்பரும் முடிந்து கடைசிப் பரிசோதனைக்குப் போனார்கள். உறை நழுவாமல் பிடித்துக்கொள்ள ஆரம்பத்தில் பல்லில் ஒட்டியிருந்த பசைப் பொட்டுகளையெல்லாம் டாக்டர் சுரண்டி எடுத்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பார்த்தார். நல்ல வாய். மேலும் கீழும் பாந்தமாகப் பொருந்திய, ரத்தம் வராத வாய்.

"எல்லாம் உங்க வீட்டம்மாவுக்குத்தான் சார் சொல்லணும்" என்று டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நாலாம் நம்பர்லேருந்து எட்டு வரைக்கும், ஒவ்வொரு தடவையும் நம்பரைத் தேய்ச்சுட்டு, என்கிட்ட கொண்டுவந்து, 'இதுல விளிம்பு கூரா இல்லையே, அவர் நாக்கைக் கிழிச்சுடாதே'ன்னு காட்டிட்டுத்தானே கிண்ணத்துல மாத்தி வெச்சாங்க! இந்தக் காலத்துல யாரு..."

மனைவி இருமினாள். டாக்டர் நிறுத்தினார். பல் பிடுங்கும் கருவிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பவர் போலத் திடீரென்று அடுக்க ஆரம்பித்தார்.

தெருவில் இறங்கிக் கூப்பிடு தூரம் நடந்தார்கள். பழைய புத்தகக் கடையைத் தாண்டியதும் அவர் நின்றார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே. புது உறை போட்ட அன்னிக்கு நீங்க கஞ்சிகூட வேண்டாம்பீங்க. அன்னிக்கு ஒரு கிண்ணம் கடலை தின்னீங்க."

"ஆபீஸ்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வீடு முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கலை. காணாமப்போன பொருளை எங்க போய்க் கேப்பாங்க?"

"அந்தப் படியே இறங்க மாட்டேன்னு சொல்லுவியே!"

"புதன்கிழமை புதன்கிழமை இறங்கினேன். புதுசை வாங்கிட்டு வந்து, தேய்ச்சு, மறுநாள் காலையில நீங்க சாப்பிடறப்போ கிண்ணத்துல மாத்தி வெப்பேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்தம்மா பழசைப் பொட்டலத்துல வெச்சுடுவாங்க. அச்சகத்துக்குப் போற வழியில காலையிலேயே கொண்டுபோய்க் குடுத்துட்டுப் போவேன்."

அவர் பர்சைத் தொட்டுக்கொண்டார். "பதினோரு முடிச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசை. புதன்கிழமை அவிழ்க்கறதுக்கு முன்னாடி அந்தம்மா பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து எழுதிக்கிட்டாங்க. மறுநாள் அவங்க படிக்க, நான் போட. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆச்சு. அந்தம்மா வாழ்க்கையில அவ்வளவு பேசினதே இல்லையாம்."

"சிரிச்ச முகம்னு சொன்னாங்களே!"

"சிரிக்காம? காணாமப்போனதுன்னு எழுதி, கண்டெடுத்தவர்ங்கற இடத்துல உங்க கையெழுத்தையே போட்டு வெச்சிருந்தீங்க. முழு ரயில் நிலையத்துலயும் அந்த ஒரு பொருளுக்குத்தான் தொலைச்சவரும் கண்டெடுத்தவரும் ஒரே ஆளு."

அவருக்கு முகம் சிவந்தது. ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தது, தாடையில் விழுந்த வெட்டு, ஆப்பிளைக் கண்டு நடுங்கியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

"சரி, மாத்தி வெச்சே, விடு. நான் வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்லே? சீட்டு, பஸ்ஸு, வேற யாரோன்னு இன்னும் பயமுறுத்தினியே!"

"சொல்லியிருந்தா பத்தாம் நம்பரை வேற எங்கயாவது ஒளிச்சிருப்பீங்க. உங்க அண்ணத்துப் புண்ணைத் தினம் காலையில வாஷ்பேசின்ல பார்த்தது நான். எனக்கு அதுதான் பயம்."

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். புதிய, அழகான, ஒழுங்கான பல்லை நறநறவென்று கடித்தார். நடுத்தெருவில் ஒரு விரலை உயர்த்தி, கல்யாண வாழ்க்கையின் இரண்டாவது சொந்த முடிவை அறிவித்தார்.

"இன்னியிலேருந்து ஒரு மாசம், முழுசா ஒரு மாசம், உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பார்த்துக்கோ!"

மனைவி கைப்பையைத் திறந்து, டாக்டர் கொடுத்திருந்த ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சரிங்க, இந்தாங்க ரிடெய்னர். பல்லு பழைய இடத்துக்குத் திரும்பாம பிடிச்சுக்குமாம். அண்ணம் முழுக்க அடைச்சுக்கும், முதல் மாசம் எப்படியும் பேச்சு வராதுன்னு டாக்டரே சொன்னாங்க."